ராஜா செட், ராணி செட்

வாடகைக்குப் பிடித்த வீட்டில் இரண்டே அறைகள். வெளிச்சம் வருகிற அறை மகளுக்கு, வராத அறை தனக்கு என்று சாவி வாங்கிய அன்றே லிஃப்ட் மெக்கானிக் முடிவு கட்டிவிட்டான். மகளுக்கு எட்டு வயது. அவளுடைய அம்மாவும் அவனும் பிரிந்த நாளிலிருந்து அவன் கம்பெனி ஆட்களோடு ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு கிடந்தவன். அந்த அறைக்கு ஒரு குழந்தையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பூங்கா, ஐஸ்கிரீம் கடை, மழை பெய்தால் பஸ் நிலையம் என்று அப்பாவும் மகளும் ஊர் சுற்றினார்கள். சாயங்காலம் அவளை அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவனுக்கு யாரையும் பிடிக்காது. பஸ்ஸில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூட எரிந்து விழுவான்.

இப்போது வீடு வந்துவிட்டது. மகளின் அம்மாவுக்குப் போன் போட்டான். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை.

"ஒரு சனி, ஞாயிறு இருந்து பார்க்கட்டும். பிடிச்சிருந்தா வாராவாரம் வரட்டும், லீவுக்கும் வரட்டும். பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் அன்னைக்கே கொண்டுவந்து விட்டுடணும். அதுக்கப்புறம் வா வான்னு அவளைப் போட்டுப் படுத்தக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? போனை வைத்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. ஒரே ஒரு வாய்ப்பு. அந்த அறையைப் பார்த்த உடனே அவளுக்குப் பிடித்துப் போக வேண்டும்.

கூட வேலை செய்கிறவர் ஒரு கடையின் நம்பரைக் கொடுத்தார். குழந்தைகள் அறைக்கு மட்டுமே சாமான் விற்கிற கடை. கட்டில், மேசை, திரைச்சீலை, சுவரில் ஒட்டுகிற படம் வரைக்கும் எல்லாம் ஒரே செட்டாக வண்டியில் வந்து இறங்கும். ஆட்களே பெயின்ட் அடித்து, மாட்டி, ஒட்டி, குப்பையையும் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வேலையை மேற்பார்வை பார்க்கிற அம்மாவே போனை எடுத்தார். நிறுத்தற்குறி இல்லாமல் பேசுகிறவர்.

மெக்கானிக் போன் பேசியது பூங்காவில். மகள் ஊஞ்சலில் இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் செய்து அசத்திவிட வேண்டும் என்பதால் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, திருட்டு வேலை செய்கிறவனைப் போலக் குசுகுசுவென்று பேசினான்.

"வயசு என்ன சார்?"

"எட்டு."

"ரூம் எவ்வளவு பெருசு இருக்கும்?"

அளவு சொல்வது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீளம், அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், பிளக் எந்த மூலையில், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தான்.

"பையனா சார், பொண்ணா?"

இந்தக் கேள்விதான் அவன் காதில் விழவில்லை. ஊஞ்சல் ஏகத்துக்கு உயரப் போய்விட்டது. மகள் ஒரு கையை விட்டுவிட்டு அவனுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினான்.

"டேய்! ரெண்டு கையாலயும் பிடிடா! விழுந்து வைக்காதடா ராஜா!"

போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "புரிஞ்சுது சார். சரியான வாலு போல."

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க" என்றான் பெருமை பொங்க.

"பிடிச்சது ஏதாவது உண்டா? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மாதிரி..."

"அதெல்லாம் நீங்களே பார்த்து நல்லதாப் போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கவலையை விடுங்க. எட்டு வயசுக்கு என்ன பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. தெரிந்தவர்கள் கையில் வேலையை ஒப்படைத்துவிட்டோம், இனி நம் பாடு நிம்மதி என்று ஊஞ்சல் பக்கம் போனான்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து அறையை முடிப்பதாக ஏற்பாடு. அன்று பார்த்து ஒரு ஆஸ்பத்திரியின் லிஃப்ட் பாதி வழியில் மக்கர் செய்ய, அவனால் நகர முடியவில்லை. நல்லவேளையாகச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருந்தான். வேலை முடிந்ததும் கடைக்கார அம்மா போனில் கூப்பிட்டார்.

"ஜம்முனு வந்திருக்கு சார். போட்டோ அனுப்பட்டுமா?"

"வேண்டாங்க. நானும் குழந்தையோட சேர்ந்தே பார்த்துக்கறேன்" என்றான். அந்தச் சந்தோஷத்தைப் பங்கு போட்டுப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை.

சனிக்கிழமை காலை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் சிரிப்பு. படியேறும்போதே ஆயிரம் கேள்வி. என் ரூம் எவ்வளவு பெருசு, ஜன்னல் இருக்கா, ஜன்னலிலிருந்து ரோடு தெரியுமா என்று துளைத்து எடுத்தாள். "நீயே பாரேன்டா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்கு ஓடியவள், மூடியிருந்த கதவுக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டாள்.

கதவில் பெரிய மஞ்சள் எழுத்துகள். பக்கத்தில் வாளை உருவிக்கொண்டு ஒரு குட்டிச் சிப்பாய். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பெண்... பிள்ளைகள்... உள்ளே... வரக்... கூடாது!"

படித்துவிட்டு, கடைசியில் இருந்த ஆச்சரியக்குறியில் விரலை வைத்தபடியே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவில் மட்டும்தான் ஏதோ தப்பாக ஒட்டிவிட்டார்கள், உள்ளே சரியாக இருக்கும் என்று நப்பாசையோடு கதவைத் தள்ளினான். உள்ளே சுவர் முழுக்க ஊதா நீலம். நடுவில் சிவப்புக் கார் ஒன்று. அதற்குள் மெத்தை போட்டிருந்தது, அதுதான் கட்டில். ஒரு சுவரில் பந்தை உதைக்கிற பையன்கள், இன்னொரு சுவரில் ராக்கெட் ஓட்டுகிற பையன், மூலையில் பூதக்கண்ணாடியும் உலக உருண்டையும் வைத்த மேசை, அதன் மேல் "இளம் விஞ்ஞானி" என்று ஒரு பலகை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் சிங்கப் படத்துக்குக் கீழே "சிங்கக்குட்டி அழ மாட்டான்" என்று எழுதியிருந்தது. எந்தப் பையனாவது இந்தக் கட்டிலில் படுத்து அழ நினைத்தால் எழுந்து வேறு அறைக்குத்தான் போக வேண்டும்.

மகள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இது யாரோட ரூம்ப்பா?"

"உன்னோடதுதான்டா."

"பொய்."

"நிஜமாடா. கடைக்காரங்க ஏதோ..."

"இங்க வேற பையன் இருக்கானா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "பையனா? எந்தப் பையன்?"

"உங்களுக்குப் பையன்தான் வேணும்னு பெரியம்மா அம்மாகிட்ட சொன்னாங்க. அதனாலதான் என்னை எப்பப் பாரு டேய் டேய்னு கூப்பிடறீங்களாம்."

அவன் மனைவியின் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது குழந்தையின் காதில் விழுந்து, அவள் இத்தனை நாள் இதை உள்ளேயே வைத்துக்கொண்டு ஊஞ்சல் ஆடியிருக்கிறாள் என்பது அவனுக்குத் தாங்கவில்லை. "இல்லடா" என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லம்மா" என்று மாற்றிப் பார்த்தான். அது அவன் வாயில் ஒட்டவே இல்லை. யார் வீட்டிலோ போய் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, லிஃப்டைத் திறக்கணும்" என்று சொல்வது போல இருந்தது. மகளுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அவள் முகம் இன்னும் சுருங்கிப் போயிற்று.

"நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டது. பேசிய பேச்சின்படி அவளை இப்போதே கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவன் தரையில் உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டான்.

"தப்பு நடந்துபோச்சு. கடைக்காரங்க வரட்டும், என்ன தப்புன்னு கேப்போம். கேட்டதுக்கு அப்புறமும் போகணும்னு சொன்னா, உடனே கொண்டுபோய் விடறேன். அதுவரைக்கும் இருக்கியா?"

செருப்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பையைக் கழற்றாமலேயே உட்கார்ந்துகொண்டாள். பை முதுகில் இருந்ததால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார முடிந்தது.

அவன் போனில் வாய்க்கு வந்தபடி கத்தினான். கடைக்கார அம்மா சளைத்தவரா? அவரும் கத்தினார். ஆனால் சொன்னபடி வண்டியோடு வந்து இறங்கினார். இடுப்பில் அளவு டேப், காதோரம் பென்சில், கண்ணில் கோபம். வாசலில் உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை மெக்கானிக்கிடம் காட்டினார்.

"நான் கேட்டேன் சார். பையனா பொண்ணான்னு வாயைத் திறந்து கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? 'டேய், விழுந்து வைக்காதடா ராஜா'ன்னு சொன்னீங்க."

"அது உங்ககிட்ட சொன்னது இல்லைங்க. ஊஞ்சல்ல இருந்த இவகிட்ட சொன்னது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஊஞ்சல்ல இருக்கற குழந்தையை டேய்னா, நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?"

"ஏங்க, பொண்ணை டான்னு கூப்பிடற அப்பாவை நீங்க பார்த்ததே இல்லையா?"

"ஏன் பார்த்தது இல்ல? என் பொண்ணை நானே வாடா போடான்னுதான் சொல்றேன். டா வேற, டேய் வேற சார். டா பாசத்துல வர்றது. டேய்னா அது பையன்தான்."

"எங்க வீட்டுல டேயும் பாசம்தான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? இதுல ராஜான்னு வேற சொல்லிட்டீங்க. எங்க செட்டுக்குப் பேரே ராஜா செட். நான் ஆர்டரே கொடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

இரண்டு பெரியவர்கள் ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பதை மகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தாள். அப்பா தோற்கிற மாதிரி தெரிந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"அப்பா என்னை டேய்னுதான் ஆன்ட்டி கூப்பிடுவாரு" என்றாள். "குட்டிப் பாப்பாவா இருந்தப்பலேர்ந்து."

கடைக்கார அம்மா அந்தச் சாட்சியத்துக்குத் தலை வணங்கினார். "சரி கண்ணு. நீயே சொன்ன பிறகு மேல பேச்சு இல்ல. தப்பு என்னோடதாவே இருக்கட்டும். ராணி செட் வண்டியிலயே இருக்கு. ஒரு மூச்சுல மாத்திக் கொடுத்துட்டுப் போயிடறேன். இளவரசி மாதிரி இருப்ப, பாரேன்!"

மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. அவனே ஓடி ஓடிச் சாமான்களை மேலே தூக்கி வந்தான். கூடத்தில் ராணி செட் வந்து குவிந்தது. ரோஜா நிறத் திரைச்சீலை. கொசுவலை மாதிரி மேலிருந்து தொங்குகிற சல்லாத்துணி. கிரீடம் வைத்த கட்டில் தலைப்பலகை. "உஷ்! இளவரசி தூங்குகிறாள்" என்று கதவில் ஒட்டுகிற அட்டை. கடைசியாக ஒரு கண்ணாடி மேசை வந்தது. மூன்று பக்கமும் முகம் தெரிகிற கண்ணாடி, அதற்குக் கீழே சீப்பு வைக்க ஒரு இழுப்பறை.

"படிக்கற மேசை எங்கங்க?" என்று கேட்டான் அவன்.

"இதுதான் மேசை."

"இதுல புத்தகத்தை எங்க வைக்கிறது?"

"ராணி செட்டுக்கு இதுதான் சார் வரும். அந்த மேசை ராஜா செட்டுக்கு."

"சும்மா ஒரு கட்டில், சும்மா ஒரு மேசை, இந்த மாதிரி எதுவும் இல்லையா?"

"அது பெரியவங்க சாமான் விக்கற கடையில கிடைக்கும். எங்ககிட்ட ரெண்டே செட்டுதான். மூணாவதா ஒண்ணு இல்ல" என்றார் அந்த அம்மா. சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும், பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பவும் காதிலேயே சொருகிக்கொண்டார்.

மகள் எழுந்து வந்து கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றாள். மூன்று பக்கமும் அவள் முகமே அழுகிற மாதிரி தெரிந்தது. சட்டென்று நகர்ந்துவிட்டாள். அப்புறம் யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டாள்.

"பொண்ணை ஆசையா ராஜான்னு கூப்பிடலாம் இல்ல?"

"தாராளமா கூப்பிடலாம்" என்றார் கடைக்கார அம்மா.

"அப்போ பையனை ஆசையா ராணின்னு கூப்பிடுவாங்களா?"

அந்த அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். "அடிக்க வந்துடுவான்!"

"ஏன்?"

சிரிப்பு அப்படியே நின்றது. மெக்கானிக் கையில் தூக்கிய தலைப்பலகையோடு திருதிருவென்று விழித்தான். மகளை ராஜா என்று கூப்பிடும்போதெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதாகத்தான் அவன் நினைத்திருந்தான். கொண்டாட ஏன் பையன்கள் பக்கத்து வார்த்தைதான் வாயில் வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த வார்த்தையில் அவன் மனசில் கள்ளம் எதுவும் இல்லை. ஆனால் இவள் கேட்கிறாளே, பதில் எங்கே? பெரியம்மா சொன்னதை இவள் நம்பியதில் என்ன ஆச்சரியம் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"சரி, இந்த ராஜா ராணியை எல்லாம் விடுவோம்" என்று கடைக்கார அம்மா பேச்சை மாற்றினார். "இவளுக்கு என்னதான் பிடிக்கும்? அதைச் சொல்லுங்க சார், நான் எங்கேயாவது தேடிப் பிடிச்சுக் கொண்டு வர்றேன்."

மெக்கானிக் வாயைத் திறந்தான். மூளையைக் கசக்கிப் பார்த்தான்.

"வாத்து" என்றான்.

"அது நான் பாப்பாவா இருந்தப்ப" என்றாள் மகள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை அடித்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்த்த பிள்ளை. கையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய பிள்ளை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், ஊஞ்சலைத் தள்ளிவிட்டான், விழாமல் பார்த்துக்கொண்டான். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பழுதான லிஃப்டுக்குப் போனால், கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்தக் கட்டடத்து வாட்ச்மேனிலிருந்து பெருக்குகிற ஆள் வரைக்கும் கேட்டுத் துருவி எடுப்பான். எங்க நிக்குது, எப்போ நிக்குது, ஏறும்போதா இறங்கும்போதா, சத்தம் முன்னாடி வருதா பின்னாடி வருதா என்று கேட்காமல் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் சொந்த மகளின் அறையை "நீங்களே பார்த்துப் போடுங்க" என்று யாரிடமோ தள்ளிவிட்டிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"இப்போ உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டான்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிண்டல் செய்வார்களோ என்ற சந்தேகம்.

"நத்தை" என்றாள்.

"நத்தையா!" என்றார் கடைக்கார அம்மா. "நத்தைப் படத்தை எந்தக் கம்பெனியும் போடறது இல்லையே கண்ணு."

"தெரியும். நானே வரைவேன். தோட்டத்து நத்தையில ஆண் தனியா பெண் தனியா கிடையாது ஆன்ட்டி. ஒண்ணே ரெண்டுமா இருக்கும். எங்க மிஸ் சொன்னாங்க."

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு. நத்தை வந்து ரூம் கேட்டா நான் எந்த செட்டைக் கொடுக்கிறது?"

மகள் முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த தெம்பில் மெக்கானிக் துணிந்து சொன்னான்.

"எல்லாத்தையும் இங்கயே பரப்பி வைங்க. இவளே பார்த்துச் சொல்லட்டும். வேணுங்கறதை வச்சுக்கறோம், வேண்டாததை எடுத்துட்டுப் போயிடுங்க."

"செட்டைப் பிரிக்கவே கூடாது சார். எங்க முதலாளி ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார், "இளம் விஞ்ஞானி" பலகையைப் பார்த்தார், கண்ணாடி மேசையையும் பார்த்தார். "குதிக்கட்டும். குதிச்சா உடம்புக்கு நல்லதுதான்" என்று கையை உதறினார்.

மகள் வாசற்படியைத் தாண்டி அறைக்குள் போனாள். ராஜா செட்டின் மேசை வேண்டும் என்றாள், பலகை வேண்டாம் என்றாள். ராணி செட்டின் ரோஜா நிறத் திரைச்சீலை வேண்டும் என்றாள், சல்லாத்துணி வேண்டாம் என்றாள். கிரீடமும் வேண்டாம், காரும் வேண்டாம், மெத்தை மட்டும் போதும். கடைக்கார அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கார் கட்டிலைக் கழற்றி இறக்கும்போது, "இதை முதல்ல கேட்டிருக்கலாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கதவில் இருந்த சிப்பாயை அவரே உரித்துக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மீதி உரிக்கிற வேலை அப்பாவுக்கும் மகளுக்கும் வந்து சேர்ந்தது. வெந்நீரில் துணியை நனைத்துச் சுவரில் ஒற்றி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்ப வேண்டும். பந்து விளையாடுகிற பையன்கள் லேசில் வரவில்லை. வந்தபோது பெயின்ட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். அவன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக உரித்துக்கொண்டே இருந்தார்கள். பையை எப்போது கழற்றினாள் என்று அவன் கவனிக்கவில்லை. அது மெத்தைமேல் கிடந்தது.

லிஃப்ட் வேலையில் கேட்கிற மாதிரி ஒன்றொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாய்? ஜன்னல் பக்கம். லைட் போட்டுத் தூங்குவாயா, அணைத்துவிட்டா? அணைத்துவிட்டு, ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும். கொஞ்சமா, முழுசாவா? பாதி.

"அங்க உன் ரூம் எப்படி இருக்கும்?"

"பிங்க். பெரியம்மா வாங்கினது. அங்கயும் என்னை யாரும் கேக்கல."

"பிங்க் பிடிக்காதா?"

"பிங்க் பிடிக்கும். அந்த ரூம்தான் பிடிக்காது. எல்லாத்துலயும் இளவரசி மூஞ்சி இருக்கு. லைட்டை அணைச்சா எல்லாரும் என்னையே பார்த்துட்டு இருப்பாங்க. அதனால அம்மாகிட்டப் போய்ப் படுத்துப்பேன்."

அவன் சிங்கத்தின் காதை உரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி திரும்பி வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்தது.

"நிஜமாவே பையன் வேணும்னு நினைச்சீங்களாப்பா?"

அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாமல் அவன் கொஞ்சம் யோசித்தான். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியாது. பொறந்ததும் உன்னைத் தூக்கிக் கையில கொடுத்தாங்க. அப்புறம் நீ மட்டும்தான் வேணும்னு இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு."

"ம்" என்றாள். சிங்கத்தின் வாலை நீளமாக, அறுந்துவிடாமல் உரித்து எடுத்தாள். "நீங்க டேய்னே கூப்பிடுங்க. அம்மான்னு கூப்பிட்டா என்னவோ மாதிரி இருக்கு."

"சரிடா" என்றான். துணியை வெந்நீரில் நனைத்துச் சிங்கத்தின் பிடரியில் ஒற்றினான்.

சாயங்காலம் ஆனபோது சுவர் பார்க்கச் சகிக்கவில்லை. நீலத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பெயின்ட் பெயர்ந்து கிடந்தது. அதில் ஒரு திட்டுக்கு மகள் பென்சிலால் இரண்டு கொம்பும் ஒரு சுருள் ஓடும் போட்டு நத்தையாக்கி வைத்திருந்தாள். ராக்கெட் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் போன் அடித்தது. மகளின் அம்மா. மகள்தான் எடுத்தாள்.

"ம், சாப்பிட்டேன்... ம்... ரூமா?"

மெக்கானிக் துணியைப் பிழிவதை நிறுத்தினான்.

"நல்லாவே இல்லம்மா" என்றாள் மகள்.

அந்தப் பக்கம் அவளுடைய அம்மா வேகமாக ஏதோ கேட்பது மட்டும் லேசாகக் கேட்டது.

"ஆமாம்மா, கட்டிலே இல்ல. சுவரெல்லாம் பிஞ்சு கிடக்கு... இல்லம்மா, கூப்பிட வர வேண்டாம். அப்பாவுக்கு என்னைப் பத்தி ஒண்ணுமே தெரியலம்மா. எந்தப் பக்கம் படுப்பேன்னுகூடத் தெரியல. எல்லாத்தையும் ஒண்ணொண்ணாச் சொல்லணும். இன்னிக்கும் நாளைக்கும் பத்தாது. லீவுக்கும் வந்தாத்தான் சொல்லி முடிக்க முடியும்."